லைன் போனவருக்காகக் காத்திருந்த ஆட்டம்

செஸ் பயிற்சியாளர்களாக இப்போதுதான் கால் வைத்திருக்கும் உங்களில் நான்கைந்து பேர் அண்மையில் என் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "சார், ஏற்கெனவே நல்லா ஆடுற ஒருத்தர், ஆன்லைன்ல மூணு நிமிஷ ஆட்டத்துல மட்டும் உதை வாங்கறார். அவருக்கு என்ன சொல்லிக் குடுக்கறது?" நான் காபி கொடுத்து, எதையோ முணுமுணுத்து அனுப்பிவிட்டேன். கிழவனுக்கு விஷயம் மறந்துவிட்டது என்று படியிறங்கும்போது நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது, அது வேலை செய்ததையும் பார்த்திருக்கிறேன். அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்த்ததால்தான் அன்றைக்கு எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை.

தாம்பரம் பக்கம் வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்த காலம் அது. நசீமா என்னிடம் வந்தபோது அவருக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் கணக்கு டீச்சர், பொழிச்சலூரில் வீடு. கணவர் யூசுப் பம்மலில் தோல் பெல்ட் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஆட்டத்தில் நசீமா என்னைவிட எவ்வளவோ பலம். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிய நீண்ட ஆட்டங்களில் அவரிடம் நான் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. தன்னைவிடப் பலமானவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று உங்களில் யாருக்காவது கூச்சம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சட்டை முதுகில் கசங்கியிருப்பது போட்டிருப்பவருக்குத் தெரியாது, பின்னால் நிற்கிற நமக்குத் தெரியும். நம் வேலை அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நார்ம். மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்ம் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் ஆடுகிற போட்டிகளில், மூன்று முறை, குறித்த தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். நசீமாவிடம் இரண்டு இருந்தன. இரண்டும் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியவை. அதன் பிறகு வேலை, லீவு கிடைக்காதது, படுக்கையில் விழுந்த மாமனார் என்று வருடங்கள் ஓடிவிட்டன. அப்போதுதான் ஐரோப்பாவில் ஒரு சிறிய செஸ் சங்கம் இணையத்தில் தகுதிப் போட்டி ஒன்றை அறிவித்தது. எல்லாம் மூன்று நிமிட ஆட்டங்கள்; மொத்த ஆட்டத்துக்கும் ஒருவருக்கு மூன்றே நிமிடம். முதல் எட்டு பேரைக் கோடையில் தங்கள் ஊரில் நடத்தும், நார்ம் எடுக்கக்கூடிய பெரிய போட்டிக்கு அவர்களே டிக்கெட் போட்டு அழைத்துக்கொள்வார்கள். கோடை என்பதால் பள்ளியும் குறுக்கே நிற்காது.

"இதை விட்டா எனக்கு அப்புறம் சான்ஸ் இல்ல சார்," என்றார். "ஆனா மூணு நிமிஷ ஆட்டத்துல நான் ஜீரோ. என் ஸ்டூடண்ட்ஸ் மாதிரி இருக்கறவங்ககிட்டல்லாம் தோக்கறேன்."

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் பல்லாவரத்தில் இருந்தார். பெயர் வேண்டாம்; பேப்பரில் பெயர் வந்தாலே எரிந்து விழுகிற மனிதர். அவர் சொல்வார்: "பலமான ஆளுக்குப் புதுசா எதையும் சொல்லிக் குடுத்துத் தொலைக்காதய்யா. அவன்கிட்ட ஏற்கெனவே சாமான் ஜாஸ்தி. எதைத் தூக்கி வெளிய போடணும்னு மட்டும் பாரு." நான் புது ஓப்பனிங் எதையும் கற்றுக்கொடுக்காமல், ஒரு வாரம் நசீமாவின் நாற்காலிக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு யூசுப் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்ததைத் தவிர வேறு வேலையில்லை.

முதலில் கண்ணில் பட்டது மவுஸ். உள்ளே உருண்டை வைத்த பழைய மவுஸ், பட்டறையிலிருந்து வந்தது. திறந்து பார்த்தால் உருளையில் நூலும் தோல் தூசும் சுற்றிக் கிடந்தன. மாநில அளவில் பெயர் வாங்கிய ஆட்டக்காரி, கடைசி பத்து நொடியில் குதிரையைத் தூக்கினால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது! நசீமா அதுவரை தன் மூளையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். மவுஸை மாற்றச் சொன்னேன். சிரிக்காதீர்கள், போய் உங்கள் ஆட்களின் மேஜையைப் பாருங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். நசீமா கஷ்டமான இடங்களில் நேரத்தை இழக்கவில்லை. அங்கேயெல்லாம் அவர் கை தானாக ஓடியது. இரண்டு நல்ல மூவ் இருக்கும் இடங்களில்தான் நின்றார். எதைப் போட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் எது கொஞ்சம் உசத்தி என்று பார்த்துக்கொண்டே இருப்பார். புடவைக் கடையில் இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. நீண்ட ஆட்டத்தில் அவரை உயர்த்தியது அந்தக் குணம்தான். இங்கே அதுதான் அவரைக் கொன்றது.

"ரெண்டும் நல்லாருக்குன்னா முதல்ல பாத்ததைப் போடுங்க," என்றேன். "ரெண்டாவது தடவை பாக்காதீங்க."

"அது தப்பா இருந்தா?"

"இருக்கட்டும். எதிராளிக்கும் அதைக் கண்டுபிடிக்க நேரம் இல்லையே."

அதைக் கேட்டு அவர் முகம் சுளித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிராளிக்கு நேரமில்லை என்பதை நம்பி ஒரு மூவ் போடுவது அவருக்குக் கிட்டத்தட்ட ஏமாற்று வேலை. "செஸ்ஸே இல்ல சார் இது," என்றார். இது வேறு ஆட்டம், காய்கள்தான் ஒன்று என்று சொன்னேன். ஜெயிக்கிற நிலையில் அழகாக மேட் தேடாமல், ராணியை மாற்றிவிட்டு அலுப்பாக ஜெயிக்கச் சொன்னேன். வரிசையாக இரண்டு தோற்றால் எழுந்துபோய் முகம் கழுவச் சொன்னேன். தோற்றதைத் திரும்பப் பிடிக்க உட்கார்ந்தால் மூன்றாவதும் போகும்; இதில் பலசாலி, பலவீனன் என்ற பேதமே கிடையாது. நசீமா எழ மறுத்தால் யூசுப் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்: "நசீமா, ரெண்டாச்சு! ஏந்திரி!"

மூன்று மாதத்தில் ரேட்டிங் ஏறியது. முன்பு நசீமாவை உதைத்தவர்கள் இப்போது மறு ஆட்டத்துக்கு வரத் தயங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பெரிய ஆள் என்று என் மனைவியிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாம்பரத்திலும் சேலையூரிலும் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்னப் போட்டிகள் நடக்கும். நேரம் ஆனதும் எதிராளி வராவிட்டாலும் அவருடைய கடிகாரத்தை ஓட விடலாம் என்பது விதி. ஆனால் மின்சார ரயில் எங்கேயோ நின்றுவிட்டது என்று தெரிந்தால் எங்களில் யாரும் ஓட விடமாட்டோம். ஓட விட்டவனிடம் அப்புறம் டீக்கடையில் ஒருத்தரும் பேசமாட்டார்கள். நசீமா அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்.

இணையத்தில் ரயிலுக்குப் பதிலாக லைன். பொழிச்சலூரில் மழை நாலு தூறல் போட்டால் மோடம் விளக்கு அணைந்துவிடும். போன் அடித்தால் சில நாள் அதற்கே அணையும். தகுதிப் போட்டி நடக்கவிருந்த அந்த இணையத் தளத்தில் ஒருவருக்கு லைன் போனால் இரண்டு கடிகாரமும் நின்றுவிடும். எதிராளியின் திரையில் இரண்டு பட்டன் வரும். ஒன்று, வெற்றியை எடுத்துக்கொள். இன்னொன்று, காத்திரு. நசீமாவுக்குப் பயிற்சி ஆட்டங்களில் எத்தனையோ முறை லைன் போயிருக்கிறது. திரும்பி உள்ளே வந்தால் யாரோ முகம் தெரியாத ஒருவர் காத்திருப்பார். எதிராளிக்கு லைன் போனால் நசீமாவும் காத்திருப்பார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதில் பேசி முடிவெடுக்க ஏதோ இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

லைன் போகாமலே ஒயரைப் பிடுங்குகிறவர்கள் உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். கடிகாரம் நின்றிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு கம்ப்யூட்டரில் செஸ் புரோகிராமுக்கு அதே நிலையைக் கொடுத்துச் சரியான மூவைப் பார்த்துவிட்டு, மழைமேல் பழிபோட்டுத் திரும்பி வருவார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

தகுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். யூசுப் முந்தைய நாளே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் செய்து, நாளைக்குச் சாயந்திரம் வரை யாரும் போன் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கே பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். பட்டறையில் தையல் இல்லை. இன்வெர்ட்டருக்கு மேல் இன்னொரு பேட்டரி. நான் பின்னால் பழைய நாற்காலியில். ஆட்டம் நடக்கும்போது நானோ யூசுப்போ ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நசீமா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பிரமாதமாக ஆடினார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அலட்டிக்கொள்ளாமல், இரண்டாவது தடவை பார்க்காமல், ஜெயித்ததை ஜெயித்தபடி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். நடுவில் ஒன்று தோற்றார், தண்ணீர் குடித்தார், அடுத்ததை ஜெயித்தார். கடைசிச் சுற்று வந்தபோது டிரா செய்தாலே எட்டுக்குள் வந்துவிடுவார் என்ற நிலை. யூசுப் கதவருகே நின்று எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கடைசி எதிராளி யார், எந்த நாடு என்றெல்லாம் தெரியாது. திரையில் ஒரு புனைபெயர்தான். இருவருக்கும் ஒரு யானை, சில சிப்பாய்கள். இரண்டு பக்கமும் ஆபத்து. எதிராளியிடம் சில நொடிகள்தான் மிச்சம், நசீமாவிடம் கொஞ்சம் கூடுதல். எதிராளியின் முறை. எந்த மனிதனும் யானையால் செக் கொடுப்பான். கொடுத்தால் டிராவுக்கு மேல் அவருக்கு ஒன்றுமில்லை. நசீமா அதற்கான பதிலோடு மவுஸில் கை வைத்துக் காத்திருந்தார்.

கடிகாரம் நின்றது. எதிராளிக்கு லைன் போய்விட்டது. இரண்டு பட்டனும் வந்தன.

நசீமா யோசிக்கவே இல்லை. காத்திரு என்பதை அழுத்தினார்.

நான் சொன்னது இதைத்தானே? முதலில் தோன்றியதைப் போடு, இரண்டாவது தடவை பார்க்காதே. ஆனால் இப்போது பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்தத் தளத்தில் காத்திருக்கும்போதும் இன்னொரு பட்டன் அணையாது. எந்த நொடியிலும் மனதை மாற்றிக்கொண்டு வெற்றியை எடுத்துக்கொள்ளலாம். பலகை அப்படியே உறைந்து எங்கள் முன்னால் இருந்தது. ஒரு விமானம் வீட்டுக்கு மேலே தாழ்ந்து போனது. நானும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில நிமிடம் கழித்து எனக்குத் தெரிந்தது. யானையைத் தொடாமல், ராஜாவை ஒரே ஒரு கட்டம் பின்னால் வைத்தால், எதிராளி ஜெயிக்கிறார். சத்தமே இல்லாத மூவ். சில நொடிகளை வைத்துக்கொண்டு யாரும் அதைக் காணமாட்டார்கள். எனக்கே அவ்வளவு நேரம் பிடித்தது.

நசீமாவின் முதுகைப் பார்த்தேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் கண்டுவிட்டார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. சொல்லிவிடலாம் போலிருந்தது. அழுத்துங்கள் நசீமா, அது விதிதானே, யார் உங்களை என்ன சொல்லிவிட முடியும்? பேசக் கூடாது என்று சொன்னது அவர். நான் பேசவில்லை. பேசாதது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஒன்றும் புரியாத யூசுப் வாயசைத்து மட்டும் என்னைக் கேட்டார்: "ஜெயிச்சாச்சா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிராளி திரும்பி வந்தார். வந்த மறு நொடி ராஜா ஒரு கட்டம் பின்னால் போனது. நசீமா தோற்றார். திரையில் ஒரு நன்றி வந்தது, அந்த ஆள் வெளியேறிவிட்டார். இறுதிப் பட்டியலில் எட்டாவது இடம் அவருக்கு, ஒன்பதாவது நசீமாவுக்கு.

பிறகு நான்தான் கேட்டேன். "அந்த ராஜா மூவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். சீக்கிரமே பாத்துட்டேன்."

"அப்பவும் அந்தப் பட்டன் இருந்துச்சே நசீமா."

"பாக்கறதுக்கு முன்னாடி அழுத்தியிருந்தா அது ரூல் சார்." அவர் குரல் உடையவில்லை, வகுப்பில் கணக்குச் சொல்வது மாதிரிதான் இருந்தது. "பாத்ததுக்கு அப்புறம் அழுத்தினா, தோக்கப் போறேன்னு தெரிஞ்சு அழுத்தினதுதானே?"

யூசுப்புக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக விளங்கியது. "இன்னா சார் இது, பேஜாராப் போச்சே! அவன் ஒயரைப் புடுங்கிட்டு வேற கம்ப்யூட்டர்ல பாத்துகினு இருந்திருக்கான் சார்! இவ கைய கட்டிக்கினு குந்திகினு இருந்திருக்கா!"

"இருக்கலாம்ங்க," என்றார் நசீமா. "நிஜமாவே லைன் போயிருந்தா?"

முறையீடு செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எதை வைத்து? காத்திருக்கிறேன் என்று அழுத்தியது நாம்தானே. யூசுப் போய் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார், மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வேக ஆட்டத்துக்கு ஒருவரைத் தயார் செய்யும்போது, யோசிக்க வேண்டியதையெல்லாம் ஆட்டத்துக்கு வெளியே யோசித்து முடித்துவிடச் சொல்கிறோம். ஓப்பனிங், டிராவுக்கு ஒத்துக்கொள்வது, தோற்ற பிறகு எழுவது, எல்லாம். அந்த இரண்டு பட்டனும் அந்தக் கணக்கில் வருகிறவைதான். உங்கள் ஆள் எதை அழுத்துவார் என்பதை, பலகையில் ஒரு காய்கூட நகராதபோதே அவரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். எடுத்துக்கொள் என்று முடிவு செய்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும். காத்திரு என்று முடிவு செய்தால், காத்திருக்கும்போது பலகையைப் பார்க்காமல் எழுந்து ஜன்னலுக்குப் போகட்டும். பலமான ஆட்டக்காரரால் பலகையைப் பார்த்துக்கொண்டு குருடராக இருக்க முடியாது. பின்னால் வந்த என் மாணவர்களுக்கு நான் எடுத்துக்கொள் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அப்படிச் சிலர் ஜெயித்தார்கள். அந்த வெற்றிகளில் எனக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை.

அந்தக் கோடையில் அந்தப் பெரிய போட்டியின் ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லியும் நசீமா பார்க்க உட்கார்ந்தார், என்னையும் கூப்பிட்டார். எட்டாவது இடத்துக்காரர் இப்போது தன் சொந்தப் பெயரில் ஆடிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க யோசிக்க நேரம் கொடுக்கும் நீண்ட ஆட்டம். அவருக்கு அன்றைக்கு ஒரு நல்ல நிலை வந்தது. அமைதியான ஒரு மூவ் போட்டால் ஜெயிக்கலாம். அந்தப் பழைய ராஜா மூவில் பாதிகூடக் கஷ்டம் இல்லாதது. அது என் கண்ணுக்கே உடனே தெரிந்தது. அந்த ஆள் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரு செக் கொடுத்தார், ஆட்டம் கையைவிட்டுப் போனது.

நான் நசீமாவைப் பார்த்தேன். யூசுப்பும் பார்த்தார்.

நசீமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "டயர்டா இருப்பாரு சார். அவ்வளவு தூரம் ட்ராவல் பண்ணி வந்திருப்பாரு இல்ல?"

அது நசீமா போயிருக்க வேண்டிய பயணம். அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மூன்றாவது நார்ம் அவருக்குக் கடைசி வரை வரவில்லை.